கட்டியிருந்த பசு

என்னை ஏன் தெரிவு செய்தார்கள் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். நான் பொலிஸ்காரனும் அல்ல, படையில் இருந்தவனும் அல்ல. வேலைக்காலம் முழுவதும் யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், கோப்புத் தூக்கியவன். ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சக் காலமே இருந்தது. புங்குடுதீவு மடத்துவெளியில் பிறந்து, தென்பகுதிப் பட்டினம் ஒன்றில் அப்பாவின் கடைக்குப் பின்னால் வளர்ந்தவன் என்பதால் சிங்களம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. அதுதான் என் தகுதி. தீவுப்பகுதிக்குப் புதிதாக ஒரு பாதுகாப்புப் பிரிவு தொடங்கப்போகிறார்கள், கடற்படையோடும் பொலிசோடும் கொழும்போடும் சிங்களத்தில் சண்டை பிடிக்கக்கூடிய, அதேநேரம் தீவாருக்குத் தெரிந்த முகமாக ஒருவர் வேண்டும் என்று தேடியிருக்கிறார்கள். கூட்டத்தில் மற்றவர்கள் எல்லோரும் குனிந்துகொள்ள நான் மட்டும் நிமிர்ந்து பார்த்திருக்கிறேன் போலும். என் தலையில் கட்டிவிட்டார்கள்.

நாடு வங்குரோத்தான வருடம் அது. எரிபொருளுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. கொழும்பில் சனம் வீதியில் இறங்கிவிட்டது. எங்கள் பக்கத்தில் சனம் கடலில் இறங்கத் தொடங்கியிருந்தது. பிள்ளைகுட்டிகளோடு வள்ளத்தில் ஏறி இந்தியக் கரைக்குப் போனார்கள். சிலரை வள்ள ஓட்டிகள் நடுவழியில் மணல்திட்டுகளில் இறக்கிவிட்டுத் திரும்பி வந்தார்கள். அதைத் தடுக்க வேண்டும், இருக்கிற மண்ணெண்ணெய் கடற்றொழிலாளருக்குப் போய்ச் சேர்வதைப் பார்க்க வேண்டும், களவுகளைக் குறைக்க வேண்டும். அதற்கென்று வந்ததுதான் எங்கள் பிரிவு.

அதன் பெயர் எழுதிய பலகை, மேசை கதிரைக்கு முதலே, எங்களுக்கு ஒதுக்கிய நெடுந்தீவுக்கு வந்து இறங்கிவிட்டது. மூன்று மொழியிலும் எழுதியிருந்த அந்தப் பெயரை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க எனக்கே முடியாது. சனங்கள் சுலபமாகப் புதுக்கந்தோர் என்று சொன்னார்கள்; கந்தோர் என்றால் எங்கள் பக்கத்தில் அலுவலகம். இடிந்து கிடந்த பழைய கூட்டுறவுச் சங்கக்கடை ஒன்றைத் துப்புரவாக்கி அதன் முன்பக்கத்தில் கந்தோரும் பின்பக்கத்தில் என் கட்டிலும் போட்டோம். ஒரு ஜீப் தந்தார்கள். அதற்கு டீசல் தரவில்லை. தலைவரான நான் உள்ளூரில் வாங்கிய பழைய சைக்கிளில் திரிந்தேன். நாட்டின் பாதுகாப்பு செயின் கழன்று கழன்று ஓடுகிறது என்று கிண்டல் செய்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. உண்மைதானே.

என்னோடு இரண்டு எழுதுவினைஞர்களும் ஒரு பொலிஸ்காரரும் இருந்தார்கள். கடற்படையிலிருந்து தொடர்புக்கென்று விட்ட இளம் அதிகாரி ஒருவரும் அடிக்கடி வந்து போவார். தெற்கே எங்கோ வயல்காட்டுக் கிராமத்துப் பையன். மரியாதையானவர். நான் பேசும் சிங்களம் பழைய கடை முதலாளிகளுடையது போல இருக்கிறது என்று சிரிப்பார். எங்கள் இருவருக்கும் ஒரு விசயத்தில் ஒற்றுமை இருந்தது. இந்த வேலையை எப்படிச் செய்வது என்று இருவருக்கும் தெரியாது.

அந்தப் பெண் கந்தோருக்கு வந்த முதல் ஆட்களில் ஒருத்தி. தோட்டம் செய்யும் கமக்காரக் குடும்பத்தில் பிறந்து கடற்றொழிலாளி ஒருவனைக் கட்டியவள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அவளுடைய பசுவின் கன்றைக் களவெடுத்துவிட்டார்கள். அப்போது இறைச்சிக்காக மாடு களவெடுப்பது தீவுகளெங்கும் பெருகியிருந்தது. வழமையாக நெடுந்தீவில் மாடுகள் தம்பாட்டில் திரியும். கடிகாரம் பார்த்தது போல மாலையில் தாமாகவே வளவுக்கு வந்துவிடும். அந்த வருடம்தான் எல்லோரும் வளவுக்குள் கட்டி வளர்க்கத் தொடங்கினார்கள். நாங்கள் கன்றைத் தேடினோம். தேடினோம் என்று சொல்வதற்காகத் தேடினோம் என்பதுதான் சரி. கிடைக்கவில்லை. அதைச் சொல்லப் போனபோது அவள் என்னைத் திட்டவில்லை. இருக்கச் சொல்லிக் கதிரை தந்து பால்தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். பால்மாவையே கண்ணால் காணாத காலம். அந்தத் தேத்தண்ணியின் சுவை எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது.

அதன்பிறகு காலையில் ஒரு போத்தல் பால் கந்தோருக்கு வரும். நானும் காசு கொடுப்பேன், அவளும் மறுக்காமல் வாங்குவாள்.

அவள் வீடு தீவின் மேற்குப் பக்கம், கரைக்குப் போகும் ஒழுங்கையில் கடைசி வீடு. கற்களை அடுக்கிக் கட்டிய வேலி. அக்கம்பக்கத்து வளவுகளில் ஆட்கள் இல்லை. எல்லோரும் கனடாவிலோ பிரான்சிலோ இருந்தார்கள். கிணற்றடியில் ஒரு பூவரசு, அதில் கட்டிய சிவத்தப் பசு. புருசனிடம் சிறிய எஞ்சின் பூட்டிய வள்ளம் ஒன்று இருந்தது. மண்ணெண்ணெய் கிடைத்தால் கடல், கிடைக்காவிட்டால் வீடு. கிடைக்காத நாட்களே அதிகம். அவர்களுக்கு ஒரே பெண்பிள்ளை. அதற்கு முட்டு வருத்தம். வாயில் வைத்து இழுக்கும் பம்ப் எங்கேயும் இல்லை, வெளிநாட்டிலிருந்து மருந்து வாங்க அரசாங்கத்திடம் டொலர் இல்லை என்றார்கள். பிள்ளை மூச்சுக்கு இழுக்கும்போது விலாவெலும்பு தெரியும். தாய் அதன் முதுகைத் தடவிக்கொண்டே என்னோடு கதைப்பாள். கை ஓயாது.

இந்தியாவில் பம்ப் சும்மா கிடைக்கிறதாம் என்று ஒருநாள் சொன்னாள். தலைவர் என்ற முறையில் எச்சரித்திருக்க வேண்டும். மனிதன் என்ற முறையில் பம்ப் தேடிக் கொடுத்திருக்க வேண்டும். இரண்டையும் செய்யாமல் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்தேன்.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தீவார் வீட்டை விட்டு நிரந்தரமாகப் போகும்போது மாட்டை அவிழ்த்துவிட்டுத்தான் போவார்கள். கட்டையிலிருந்து மட்டுமல்ல, கழுத்துக் கயிற்றையும் கழற்றிவிடுவார்கள். கழுத்தில் கயிறு தொங்கினால் முள்ளிலோ கல்லிலோ சிக்கி அங்கேயே நின்று செத்துவிடும். போர்க்காலத்தில் நாங்கள் புங்குடுதீவை விட்டு இடம்பெயர்ந்த அன்று ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருக்க, அம்மா கொட்டிலுக்குள் போய் ஒவ்வொரு கழுத்தாக முடிச்சு அவிழ்த்தது எனக்கு நினைவிருக்கிறது. நகைப்பெட்டியை மறந்துவிட்டார், அதை மறக்கவில்லை. அப்பா படலையடியில் நின்று சத்தம் போட்டார். அம்மா திரும்பியே பார்க்கவில்லை.

தென்மேற்கிலிருந்து வீசும் சோழகக் காற்று பெலத்துவிட்ட ஒரு காலையில் கடற்படைத் தம்பி தொலைபேசி எடுத்தார். மேற்குக் கரையில் ஒரு சிவப்புப் பசு விடிந்ததிலிருந்து கடலைப் பார்த்தபடி நிற்கிறது, கழுத்தில் கயிறு இல்லை, கள்ளர் கொண்டு வந்து கைவிட்டுப் போயிருக்கலாம், கந்தோருக்கு ஓட்டிக்கொண்டு வரவா என்று கேட்டார். அவருக்கு அது களவு மாடு. எனக்கு அது என்னவென்று கேட்டவுடனேயே தெரிந்தது.

அவர்கள் எல்லாவற்றையும் மறைத்திருந்தார்கள். ஒருவருக்கும் சொல்லவில்லை, கைப்பேசியை வீட்டிலேயே விட்டிருந்தார்கள், முதல்நாள் பிள்ளையைப் பள்ளிக்கூடமும் அனுப்பியிருந்தார்கள். ஆனால் மாட்டைக் கட்டியபடி விட்டுப்போக அவளால் முடியவில்லை. அவிழ்த்து விட்டிருக்கிறாள். அது பிள்ளைகள் போலப் பின்னாலேயே கரைக்குப் போயிருக்கிறது. கள்ளக் கடத்தலில் பழகியவன் இப்படியொரு பிழை விடமாட்டான். எங்கள் ஆட்கள்தான் விடுவார்கள்.

பேசாமல் இருந்திருக்கலாம். மாட்டை ஓட்டி வா தம்பி என்று சொல்லித் தொலைபேசியை வைத்திருந்தால் விசயம் முடிந்திருக்கும். நான் வெளியே எட்டிப் பார்த்தேன். பனைகள் வளைந்து ஆடிக்கொண்டிருந்தன. அந்தச் சின்ன வள்ளத்தையும், எதெதையோ கலந்த மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினையும், மூச்சு முட்டும் பிள்ளையையும் நினைத்தேன். அந்தப் பக்கத்துக் கடலைத் தேடுங்கள் என்றேன்.

அதற்காக நான் இன்றுவரை வருந்தவில்லை. எஞ்சின் நின்று, வள்ளம் அலைக்குக் குறுக்கே கிடந்து தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தபோதுதான் அவர்களைக் கண்டுபிடித்தார்கள். கரைக்குக் கொண்டு வந்தபோது மூவரும் தெப்பமாக நனைந்திருந்தார்கள். புருசன் தலையைக் குனிந்தபடி நின்றான். பிள்ளைக்கு யாரோ துவாய் சுற்றிவிட்டிருந்தார்கள். அவள் என்னிடம் ஒன்றுதான் கேட்டாள்.

“எங்கட பசு எங்க ஐயா நிண்டது?”

கரையில் நின்றதாகச் சொன்னேன். யார் யாருக்குச் சொன்னார்கள் என்பதெல்லாம் அப்போதுதான் அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும்.

“அவிட்டு விட்டது பிழையாப் போச்சு” என்றாள்.

நீதிமன்றம், பிணை எல்லாம் முடிந்து சில நாட்களில் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். வள்ளம் வழக்குப் பொருளாகத் துறையில் கிடந்தது. பால் போத்தல் நின்றுவிட்டது. நான் வெறும் தேத்தண்ணிக்குத் திரும்பினேன். அதில் கோபிக்க எனக்கு உரிமை இல்லை என்று தெரிந்தும் மனதுக்குள் வலித்தது. உயிரைக் காப்பாற்றியவனுக்கு ஒரு சொட்டுப் பால் இல்லையா என்று அற்பத்தனமாக நினைத்தேன்.

அதற்குப் பிறகு நான் ஒவ்வொரு நாளும் பின்னேரம் அந்த ஒழுங்கைக்குப் போகத் தொடங்கினேன். கண்காணிப்பு என்று கந்தோரில் சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்குப் பயம். அவர்கள் மறுபடி போவார்கள், இந்த முறை கண்டுபிடிக்க முடியாமல் போகும், எங்கோ ஒரு திட்டில் பிள்ளையின் உடம்பு ஒதுங்கும் என்று பயம். படலையடியில் சைக்கிளை நிறுத்தினால் புருசன் எழுந்து வீட்டுக்குள் போய்விடுவான். அவள் போகமாட்டாள்.

“மாட்டைத்தானே பாக்க வாறனீங்கள். கட்டித்தான் நிக்குது, வந்து பாத்திட்டுப் போங்கோ” என்பாள்.

குத்தல்தான். நானும் விடாமல் உள்ளே போவேன். பசுவின் நெற்றியைத் தடவுவேன். தொட்டியில் தண்ணீர் இல்லாவிட்டால் வாளியை எடுத்துக் கிணற்றில் அள்ளி நானே ஊற்றுவேன். கச்சேரியில் ஒரு பேனையைக்கூடத் தானாக எடுக்காத மனிதன் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கிறான் என்று என் மனைவி கண்டிருந்தால் சிரித்திருப்பாள். வீட்டுக்காரி குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். நாளாக ஆகப் பசு என் சைக்கிள் சத்தத்துக்கே தலையைத் தூக்கத் தொடங்கியது. அவளும் குத்திக் கதைப்பதைக் குறைத்துக்கொண்டாள். ஒருநாள் பிள்ளைக்கு இரவெல்லாம் முட்டு என்று அவளாகவே சொன்னாள். பம்புக்கு யாழ்ப்பாணத்தில் எனக்குத் தெரிந்த எல்லோரிடமும் சொல்லி வைத்தேன்.

கச்சேரியில் பெரிய கூட்டம் ஒன்று வந்தது. கொழும்பிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், ஒவ்வொரு பிரிவுத் தலைவரும் தன் கடமையைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றார்கள். அதற்கு முதல்நாள் பின்னேரம் கந்தோர்ப் படியில் ஒரு பால் போத்தல் இருந்தது. நான் உள்ளே அறிக்கை எழுதிக்கொண்டிருந்தபோது அவள் வந்து வைத்துவிட்டுப் போனாள் என்று எழுதுவினைஞர் சொன்னார். எத்தனை நாளுக்குப் பிறகு! எனக்கு வந்த சந்தோசத்தில் எல்லோருக்கும் பால்தேத்தண்ணி போடச் சொன்னேன். கோபம் ஆறிவிட்டது, இனி அவர்கள் போகமாட்டார்கள் என்று நினைத்தேன். அன்று பின்னேரம் ஒழுங்கைக்குப் போகவில்லை. போகத் தேவையில்லை என்று பட்டது.

மறுநாள் காலை துறைக்குப் போகும் வழியில், ஆனாலும் ஒருமுறை பார்ப்போம் என்று சைக்கிளை அந்தப் பக்கம் திருப்பினேன். கல்வேலிக்கு வெளியே நின்றபடியே எட்டிப் பார்த்தேன். வீடு சத்தமில்லாமல் இருந்தது. பசு பூவரசில் கட்டியிருந்தது. முன்னால் வைக்கோல், பக்கத்தில் தொட்டி. அது தலையைத் தூக்கி என்னைப் பார்த்துக் கத்தியது. இன்னும் பால் கறக்கவில்லை போலிருக்கிறது, மனுசி இப்போது வருவாள் என்று நினைத்தேன். துறையிலிருந்து படகின் ஊதல் கேட்டது. பசு மறுபடியும் கத்தியது. சரி சரி என்று அதற்குச் சொல்லிவிட்டு நான் மிதித்தேன்.

கூட்டம் நன்றாகவே நடந்தது. என் முறை வந்தபோது எழுந்து, நெடுந்தீவிலிருந்து அண்மைக்காலத்தில் ஒருவரும் கடல்வழியாக வெளியேறவில்லை என்று சிங்களத்தில் சொன்னேன். கொழும்பிலிருந்து வந்தவர்களில் ஒருவர் கைதட்டினார். மற்றவர்களும் சேர்ந்து தட்டினார்கள். எங்கள் பிரிவை மற்றத் தீவுகளுக்கும் விரிவாக்க வேண்டும் என்று ஒருவர் குறித்துக்கொண்டார். மத்தியானம் கோழிக்கறியோடு சாப்பாடு தந்தார்கள். நாடு இருந்த நிலைமையில் அந்தக் கோழி எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை.

அடுத்தநாள் திரும்பலாம் என்று குறிகட்டுவான் துறைக்குப் போனால் படகுக்கு டீசல் இல்லை. டீசல் வந்தபோது காற்று விடவில்லை. நான் யாழ்ப்பாணத்தில் என் வீட்டில் தங்கினேன். உண்மையைச் சொன்னால் நன்றாக இருந்தது. மனைவியின் கையால் பிட்டும் சம்பலும் சாப்பிட்டு, மத்தியானத்தில் படுத்து எழும்பினேன். கடற்படைத் தம்பிக்குத் தினமும் தொலைபேசி எடுத்தேன். எல்லாம் அமைதி என்றார். அந்த வீட்டை ஒருமுறை எட்டிப் பார்க்கச் சொல்ல எனக்குத் தோன்றவேயில்லை. மாடு கட்டியிருந்ததைத்தான் நானே பார்த்தேனே. இதற்கிடையில் பழைய சிநேகிதர் ஒருவர் மூலமாக, வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்த பம்ப் ஒன்று கிடைத்தது. அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அவளுடைய முகம் எப்படி மலரப்போகிறது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

ஒரு கிழமை கழித்துப் படகு ஓடியது. துறையில் இறங்கிக் கந்தோருக்குக்கூடப் போகாமல் நேரே ஒழுங்கைக்குப் போனேன். தூரத்திலேயே காகங்கள் தெரிந்தன. பிறகு மணம் வந்தது.

அது பூவரசைச் சுற்றிச் சுற்றி நடந்து கயிறு முழுவதையும் மரத்தில் சுற்றியிருந்தது. கழுத்து மரத்தோடு ஒட்டிக் கிடந்தது. சுற்றிவர மண்ணை உழுதுவிட்டது போலக் குளம்படிகள். தொட்டியோடு பெரிய கிடாரம் ஒன்றும் கிடந்தது, அதிலும் தண்ணீர் நிறைத்து வைத்திருக்க வேண்டும். இரண்டும் காய்ந்து போயிருந்தன. கிணறு கயிற்றின் எட்டத்துக்குச் சற்று அப்பால் இருந்தது. அதனுடைய மூக்கு அந்தப் பக்கமாகத்தான் இருந்தது.

வீட்டுக் கதவு சாத்தியிருந்தது, பூட்டியிருக்கவில்லை. உள்ளே எல்லாம் ஒழுங்காக இருந்தது. குசினியில் சாம்பலை வழித்துத் துடைத்து வைத்திருந்தாள். பால் போத்தல் வந்த அன்றிரவே யாரோ ஒருவருடைய வள்ளத்தில் போயிருக்கிறார்கள் என்று பிறகு விசாரித்து அறிந்தோம். நான் வேலிக்கு வெளியே நின்று பார்த்த காலையில் வீடு வெறுமையாகத்தான் இருந்திருக்கிறது.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. கடற்படைத் தம்பி இரண்டு பேரோடு வந்து குழி வெட்டினார். கயிற்றை நான்தான் வெட்டினேன், முடிச்சை அவிழ்க்க முடியவில்லை. அவர் என்னைக் கிணற்றுக்கட்டில் இருக்கச் சொன்னார். நான் இருந்தபடியே அவளைத் திட்டினேன். எங்களை ஏமாற்றுவதற்காக ஒரு வாயில்லாச் சீவனைக் கட்டிப்போட்டுவிட்டுப் போயிருக்கிறாள், இவளெல்லாம் ஒரு தாயா என்றேன். அவர் மண்ணைத் தள்ளுவதை நிறுத்தாமல், தன் அம்மாவும் மாடு வளர்க்கிறார், அவர் இப்படிச் செய்யமாட்டார் என்றார். பிறகு, எங்களைப் போன்றவர்கள் வந்து பார்க்காத ஊரில் இப்படிச் செய்யத் தேவையும் இருக்காது என்றார். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. யோசித்துச் சொன்னார். எனக்கு அதற்கும் கோபம் வந்தது.

பம்பை அங்கத்தைய வைத்தியசாலையில் கொடுத்தேன். வேறொரு பிள்ளைக்கு உதவியிருக்கும். கச்சேரிக்கு அறிக்கை அனுப்பினேன். மூவர் வெளியேறிவிட்டனர் என்று எழுதினேன். மாட்டைப் பற்றி எழுத அதில் இடமில்லை. பின்னேரங்களில் அந்த ஒழுங்கைப் பக்கம் போவதை நிறுத்தினேன். ஆனாலும் அந்த நேரம் வந்ததும் கால் சைக்கிளைத் தேடும். கந்தோருக்குள் இருந்துகொண்டே அவளை வைவேன். நேரில் கண்டால் என்ன சொல்ல வேண்டும் என்று வசனம் வசனமாக மனதில் எழுதி வைத்திருந்தேன்.

அந்தப் பேச்சை நான் ஒருநாளும் பேசவில்லை. மழை தொடங்கும் காலத்தில் ஒரு பின்னேரம் இந்திய எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பின்னணியில் சனச் சத்தம், பிள்ளைகள் ஓடும் சத்தம்.

“ஐயா, நான்தான் கதைக்கிறன்” என்றாள்.

குரலைக் கேட்டதும் என் வசனங்கள் எல்லாம் தொண்டை வரை வந்தன. ஆனால் அவள் விடாமல் கதைத்துக்கொண்டே போனாள். ஒரு முகாமில் இருக்கிறார்களாம். புருசன் மேசன் வேலைக்குப் போகிறானாம். பிள்ளைக்குப் பம்பும் மருந்தும் கொடுக்கிறார்களாம், இப்போது இரவில் முட்டு இல்லையாம், மற்றப் பிள்ளைகளோடு ஓடுகிறாளாம். கேட்டுக்கொண்டிருந்தபோது என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. பிள்ளை ஓடுகிறாள் என்ற ஒரு சொல்லே எனக்குப் போதுமாக இருந்தது. நல்லது பிள்ளை என்றேன், உண்மையாகவே சொன்னேன். அப்போதுதான் அவள் கேட்டாள்.

“பசு இப்ப கந்தோரிலயோ ஐயா நிக்குது? உங்களுக்குப் பால் காணுதே?”

நான் கைப்பேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன். எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, தொடர்ந்து சொன்னாள்.

“அவிட்டு விட்டால் பிறகும் பின்னால வந்திடும் எண்டு பயத்திலதான் கட்டினனான். இவர் ஏசினவர், செத்துப்போகும் எண்டு. ஐயா நாளைக்கு வருவார், கட்டி நிக்கிறதைக் கண்டால் உள்ளுக்க வந்து தண்ணி வைப்பார், அவருக்கு விளங்கும், கொண்டுபோய் வைச்சிருப்பார் எண்டு நான் சொன்னனான். அதுக்குத்தான் அண்டைக்குப் பாலும் கொண்டுவந்து வைச்சனான்.”

பொய் சொல்லியிருக்கலாம். கந்தோரில் நிற்கிறது, நன்றாகப் பால் தருகிறது என்று சொல்லியிருந்தால் அவள் அங்கே நிம்மதியாக இருந்திருப்பாள். ஆனால் எவ்வளவு காலத்துக்கு? எப்போதாவது யாராவது சொல்லிவிடுவார்கள். அதுவும் ஒரு காரணம்தான். பொய் வாயில் வரவில்லை என்பதே முழு உண்மை.

“அது செத்துப்போச்சுப் பிள்ளை. நான் கூட்டத்துக்குப் போய் யாழ்ப்பாணத்தில நிண்டிட்டன். படகு ஓடேல்லை.”

தூரத்தில் ஒரு பிள்ளை சிரித்தது. அவளுடைய பிள்ளையாக இருக்குமோ என்று நினைத்தேன். தொடர்பு அறுந்துவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். அறுந்திருக்கவில்லை.

“நீங்கள் ஒவ்வொரு நாளும் வாறனீங்கள்தானே ஐயா” என்றாள்.

கோபத்தில் கேட்கவில்லை. தனக்கு விளங்காத ஒன்றைக் கேட்பது போலத்தான் கேட்டாள்.

“ஓம் பிள்ளை” என்றேன். அன்றைக்கும் வந்தேன், வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன், அது என்னைப் பார்த்து இரண்டுமுறை கத்தியது, கட்டியிருக்கிறதே என்ற சந்தோசத்தில் திரும்பிப் போனேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.